யாருக்கும் வேண்டாத இரண்டே முக்கால் மீட்டர்

ஜூன் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நிலப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் நகல் கடையில் பெரிய தாள் தீர்ந்துபோயிருந்தது.

அன்று அந்தக் கடைக்கு வந்தவர்களில் ஒருவர் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவர். ஐம்பதைத் தாண்டிய வயது, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, கையில் சுருட்டிய தாள். எதிர் அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கிய மனை வரைபடம் அது. அவருடைய மனையும் பக்கத்து வீட்டு மனையும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்து பிரிந்தவை. அதனால் இரண்டும் ஒரே தாளில் இருந்தன. இரண்டு வீடுகளின் வெளிக்கோடு, சுற்றிலும் எல்லை, நடுவே இரண்டையும் பிரிக்கும் ஒரு கோடு. முத்திரை குத்திய அந்தத் தாளைக் கட்டட விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு நகல் தேவைப்பட்டது.

"பெரிய பேப்பர் வர ரெண்டு மூணு வாரம் ஆகும், சார். சின்னதுல எடுத்துத் தரட்டுமா? கொஞ்சம் சுருங்கி வரும்," என்றார் கடைக்காரப் பெண்.

"எழுத்து படிக்கிற மாதிரி இருக்குமா?"

"கண்ணாடி போட்டா படிக்கலாம்."

"படிக்க முடிஞ்சா போதும்."

இயந்திரத்தின் மூடிக்கடியில் வெளிச்சம் ஒரு முறை ஓடியது. பிழை திருத்துபவர் நகலையும் அசலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் நின்றவர்கள் கனைப்பதைப் பொருட்படுத்தாமல், எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். மனை எண் சரி. பத்திர எண் சரி. பரப்பு, முந்நூற்று எண்பது சதுர மீட்டர், சரி. 'அளவு 1:100' என்ற வரி, சரி.

"ஒரு எழுத்துகூட விட்டுப்போகல," என்று வியந்தார்.

"மெஷின் சார். அது எதுக்கு எழுத்தை விடப்போகுது?" என்றார் அந்தப் பெண். "அடுத்த ஆள் வாங்க."

அலுவலகத்தில் அவருக்குக் கமா என்று பெயர். கழிவறைக் கதவில் நிர்வாகம் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒரு கமாவைச் சேர்த்துவிட்டு, அதற்குக் கீழே சுருக்கொப்பமும் போட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர். வீட்டில் மனைவி அதைக் கோபத்துக்குச் சற்று முன்னால் மட்டும் பயன்படுத்துவார். வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. எஃகு ஸ்கேல் ஒன்றை, படிக்கும் வரிக்குக் கீழே வைத்துக்கொள்வார். அடுத்த வரி ஸ்கேலுக்கு அடியில் மறைந்திருக்கும். முறை வரும்போதுதான் அது வெளியே வரும். முப்பது வருடமாக எந்தப் பக்கத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை என்று உதவி ஆசிரியர் ஒருவர் சொல்வதுண்டு. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கட்டப்போவது மனைவிக்கான அறை. அவர் இயன்முறை மருத்துவர். முழங்கால் மாற்றியவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், தோள் தூக்க முடியாதவர்கள் என்று அவரிடம் வருபவர்கள் யாருக்கும் படி ஏற முடியாது. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு வைத்திருந்தார். கட்டட உரிமையாளரின் மகன் அந்த இடத்தில் கண்ணாடிக் கடை வைக்கப்போவதால் ஜூலைக்குப் பிறகு அதைக் காலி செய்ய வேண்டும். தரைத்தளத்தில் வேறு அறை எங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே துணி காயப்போடும் இடம் ஐந்து மீட்டர் அகலம் இருந்தது. மதிலை ஒட்டி ஒரு மீட்டர் விட வேண்டும் என்பது நகராட்சி விதி. மீதி நான்கு மீட்டரில் ஒரு கட்டில், நடை பழகும் கம்பிகள், சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்பும் இடம் எல்லாம் அடங்கும். அவர் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, காலி நாற்காலி ஒன்றைத் தள்ளித் திருப்பியே பார்த்துவிட்டார்.

விண்ணப்பத்துக்கான படம் வரையும் பொறுப்பை உரிமம் பெற்ற ஒரு வரைவாளர் எடுத்துக்கொண்டார். சுறுசுறுப்பான பெண், எப்போதும் ஸ்கூட்டரில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுபவர். முத்திரை குத்திய அசல் தாளை அன்று பிற்பகலே வாங்கிக்கொண்டு போனார். போகும்போது ஓர் உறுதிமொழித் தாளைக் கொடுத்தார். 'தரையில் உள்ள எல்லைகளும் உரிமைப் பதிவில் உள்ள எல்லைகளும் ஒன்றே என உறுதியளிக்கிறோம்' என்று அதில் ஒரே ஒரு வாக்கியம். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். மனை இருவர் பெயரிலும் இருந்தது.

மனைவி அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கணவர் தாளை வாங்கிக்கொண்டார்.

"படிச்சிட்டுப் போடுறேன்."

"அதுல இருக்கறதே ஒரு வாக்கியம்தான்."

"அதான் படிக்கணும். அதுல சொல்லியிருக்கறது உண்மையான்னு பார்க்க வேண்டாமா?"

சாப்பாட்டு மேசையில் நகலை விரித்தார். அளவு 1:100 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் ஒரு மீட்டர். வீட்டுச் சுவரிலிருந்து எல்லைக்கோடு வரைக்கும் எஃகு ஸ்கேலை வைத்தார். மூன்றரை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றரைதான். டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய் தரையை அளந்தார். ஐந்து.

அவர் துணி காயும் கொடிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். தாளில் அவருக்கு உரிமையானது மூன்றரை மீட்டர். அவர் அனுபவிப்பது ஐந்து. அப்படியென்றால் மதில் ஒன்றரை மீட்டர் பக்கத்து மனைக்குள் நிற்கிறது. பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த மதிலைக் கட்டிய கொத்தனார் கயிறு பிடித்த காட்சி உடனே நினைவுக்கு வந்தது. தெருப்பக்க முனையைப் பிடித்திருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பின்பக்க முனையைப் பிடித்திருந்தவர் இவர்தான். 'நல்லா இழுத்துப் பிடிங்க, சார்,' என்று கொத்தனார் சொன்னதும், இவர் நன்றாகவே இழுத்ததும் நினைவுக்கு வந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் டிக்கெட் சார் என்பார்கள். சொந்த மைத்துனனையே பயணச்சீட்டு இல்லாததற்கு நடுவழியில் இறக்கிவிட்டவர் என்று பெயர். அந்த மைத்துனன் இன்றுவரை பேசுவதில்லை. இப்படிப்பட்டவரிடம் போய், 'உங்கள் நிலத்தில் பதினாறு வருடமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? பிழை திருத்துபவர் சரியான முதல் வாக்கியத்தைத் தேட ஆரம்பித்தார். அது கிடைக்கும்வரை கையெழுத்துப் போடுவதில்லை என்றும் முடிவு செய்தார்.

மறுநாள் காலை மதிலோரம் நின்ற சைக்கிளை நகர்த்தி வீட்டுச் சுவரோடு சாத்தினார். மதிலில் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்து, மூன்றரை மீட்டருக்குள் அடங்குகிற மாதிரி ஒரு கம்பம் நட்டுக் கட்டினார். தெரிந்தே இன்னொருவர் மண்ணில் சைக்கிள் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

இதை மதிலுக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடியில் நின்று டிக்கெட் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை கட்டும் விஷயமும், பதிவு அலுவலகத்தில் வரைபடம் வாங்கிய விஷயமும் மதிலுக்கு மேலாக டிக்கெட் சாரின் மனைவி காதுக்கு ஏற்கெனவே போயிருந்தன. "அளவெல்லாம் எடுக்கறாங்களாம்," என்று அவர் கணவரிடம் சொன்னார். "நம்ம டிக்கெட்டும் சரியா இருக்கான்னு பார்த்துக்கறது நல்லது," என்று அவர் மறுநாளே புறப்பட்டுப் பதிவு அலுவலகம் போனார். அதே வரைபடத்தை வாங்கினார். அசலைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புழங்குவதற்கு நகல் வைத்துக்கொள்வது அவர் பழக்கம். எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார். பெரிய தாள் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் டிக்கெட் சார் தன் பக்கத்து மதிலோரம் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக வீட்டுப் பக்கம் நகர்த்தினார். பெரிய தொட்டியை இடுப்பு பிடிக்கப் பிடிக்க உருட்டினார்.

பிழை திருத்துபவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். 'தொட்டிகளை நகர்த்தி, மதிலை இடிக்க இடம் ஒதுக்குகிறார். விஷயம் தெரிந்துவிட்டது,' என்று நினைத்தார்.

டிக்கெட் சார் நிமிர்ந்து அந்தக் கம்பத்தைப் பார்த்தார். 'யோக்கியன் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பான் என்று கம்பம் நட்டுக் காட்டுகிறார். வாயைத் திறந்து கேட்கக்கூட மாட்டேன் என்கிறார்,' என்று நினைத்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பேசவில்லை.

வரைவாளர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், எல்லாம் ரெடி. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"நீங்க தரையில அளந்தீங்களா, தாள்ல அளந்தீங்களா?"

"ரெண்டும்தான், சார். ரெண்டும் ஒத்துப்போகுது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். படிச்சிட்டு இருக்கேன்," என்று வைத்துவிட்டார். இரண்டும் ஒத்துப்போகிறதாம். மனதுக்குள் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டார்.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்து பையை வைத்ததும் நேராக மேசைக்கு வந்தார். உறுதிமொழித் தாள் அவர் கையெழுத்தோடு மட்டும் அங்கே கிடந்தது.

"வரைவாளர் எனக்கு போன் பண்ணாங்க. நீங்க இன்னும் படிச்சிட்டு இருக்கீங்களாமே. எத்தனாவது அத்தியாயம்?"

அவர் ஸ்கேலை எடுத்து அந்த ஒரே வாக்கியத்துக்குக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்க. வீட்டுக்குள்ள கண்டவங்க வந்து போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. கைத்தடி சத்தம், ஆட்டோ வந்து நிக்கறது, ஐயோ அம்மான்னு கத்தறது, எல்லாம் இருக்கும். நான் மறைக்கல. ஆனா அடுத்த மாச முடிவுல வந்து சொன்னா நான் அத்தனை பேரையும் எங்க கூட்டிட்டுப் போவேன்? முழங்கால் மாத்தின அந்த லாரிக்காரர் இப்பதான் கம்பியை விட்டுட்டு நாலு எட்டு வைக்கிறார். அவரைப் பாதியில விடச் சொல்றீங்களா, கமா?"

கமா என்ற சொல் வந்துவிட்டதால் அதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. முதல் வாக்கியம் இன்னும் அமையவில்லை. இருந்தாலும் சொன்னார்.

"நாம ஒன்றரை மீட்டர் திருடியிருக்கோம்."

மனைவி உட்கார்ந்தார். கணவர் கயிற்றிலிருந்து கம்பம்வரை எல்லாவற்றையும் சொன்னார். முதலில் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"இதுக்குத்தான் சைக்கிளைக் கொண்டுவந்து கதவுகிட்ட வச்சு, தினம் நான் இடிச்சுக்கறேனா?"

"சிரிக்கிற விஷயமா இது?"

"உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நான் ஒரு வாரமா மனசுக்குள்ள சண்டை போட்டுட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா..." என்றவர் பாதியில் நிறுத்தினார். கணக்குப் போட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. "மூன்றரைல ஒரு மீட்டர் போனா ரெண்டரை."

"ஆமா."

"கட்டில் போட்டா நாற்காலி திரும்பாது."

"ஆமா."

மேசைமேல் கிடந்த தாளை அவர் பார்க்கவேயில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"சரி, போய்ச் சொல்லிடலாம். அடுத்தவங்க மண்ணுல கட்டில் போட்டுட்டு, அதுமேல ஒருத்தரைப் படுக்கவச்சு, மூச்சை நல்லா இழுத்து விடுங்கன்னு என்னால சொல்ல முடியாது. நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா முன்னுரையே முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை போனார்கள். டிக்கெட் சார் வீட்டுக் கூடத்தில் ஒரு நீளமான சோபா இருந்தது. அதில் இருவரும் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். எதிர் நாற்காலியில் டிக்கெட் சார் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக இருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"இவருக்குச் சர்க்கரை இல்லாதது," என்று ஒரு தம்ளரைத் தனியாக எடுத்துக் கணவருக்குக் கொடுத்தார். "ஒரு வாரமா அப்படித்தான் குடிக்கிறார். கேட்டா அபராதம்ங்கறார். யாருக்கு, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கறார்."

பிழை திருத்துபவர் தொண்டையைச் செருமினார். "சார், உங்ககிட்ட ஒரு விஷயம் ஒத்துக்கணும்."

டிக்கெட் சார் கையை உயர்த்தித் தடுத்தார். "நீங்க பெரிய மனுஷர். வாயால கேக்காமலே இருந்தீங்க. நானே வந்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு. நான் எடுத்துக்கிட்டது ஒண்ணேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

"எதை எடுத்துக்கிட்டீங்க?"

"உங்க நிலத்தை."

"என் நிலத்தையா? சார், நான்தான் உங்க நிலத்தை எடுத்துக்கிட்டேன். ஒன்றரை மீட்டர்."

"என்னை சமாதானப்படுத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க. அன்னைக்குக் கயித்தைப் பிடிச்சது நான்."

"பின்பக்கம் பிடிச்சது நான், சார். இழுத்ததும் நான்."

"தெருப்பக்கம் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

"தளர்த்தினா எப்படி சார் உங்களுக்கு லாபமாகும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

"நான் யோசிக்காமப் பேசுறேனா? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல, டிக்கெட் இல்லாதவன் இருக்குன்னு சாதிச்சுத்தான் பார்த்திருக்கேன். நான் ஒத்துக்கறேன், நீங்க ஏத்துக்க மாட்டேங்கறீங்க. இதென்ன பிடிவாதம்?"

"உங்க பிடிவாதத்தைவிடக் கம்மிதான்!"

இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் சிவப்புப் பேனாவையும் மற்றவர் பிளாஸ்டிக் கோப்பையும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் சாரின் மனைவி தேநீர்த் தட்டை மேசையிலிருந்து எடுத்துப் பாதுகாப்பாகக் கீழே வைத்தார்.

"அக்கா, இவங்க ரெண்டு பேரும் எப்பவாவது இப்படிக் கத்தி நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் இயன்முறை மருத்துவர்.

"ரெண்டு பேரும் உத்தமர்கள் இல்லையா, அதான் சத்தம் அதிகம்," என்றார் அந்த அம்மாள்.

இயன்முறை மருத்துவர் இரண்டு பேரிடமிருந்தும் நகல்களை வாங்கித் தரையில் விரித்தார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றில் மூன்றரை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மற்றதில், மறுபக்கத்தில், பென்சிலால் இரண்டு புள்ளி எட்டு.

"சார், உங்க பக்கம் தரையில எவ்வளவு?"

"நாலு மீட்டர், டாக்டரம்மா. பேப்பர்ல ரெண்டு புள்ளி எட்டு. அதனால ஒண்ணு புள்ளி ரெண்டு உங்களுது."

"இவர் கணக்குல ஒன்றரை உங்களுது. ரெண்டையும் கூட்டினா ஏறக்குறைய ரெண்டே முக்கால் மீட்டர். நடுவுல அவ்வளவு அகலத்துக்கு ஒரு நிலம் கிடக்கு. அது உங்களுதும் இல்லை, எங்களுதும் இல்லை. அப்போ யாருது?"

டிக்கெட் சார் யோசித்தார். "அரசாங்கத்துதா இருக்கலாம்."

"பழைய பொது வழியா இருக்கலாம்," என்றார் பிழை திருத்துபவர் தணிந்த குரலில்.

இருவர் முகத்திலும் புதிதாக ஒரு கவலை தெரிந்தது. சேர்ந்து அரசாங்க நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்றால் அது வேறு வகைக் குற்றம்.

"அந்தப் பேப்பர்ல எங்க வீட்டையும் போட்டிருக்காங்களா?" என்று டிக்கெட் சாரின் மனைவி குனிந்து பார்த்தார். "இந்தக் கூடம் இதுல எவ்வளவு நீளம்? அளங்களேன்."

கூடம் வீட்டின் முன்பக்கம் தனியாக நீட்டிக்கொண்டு நின்றதால் கோட்டில் தெளிவாகத் தெரிந்தது. பிழை திருத்துபவர் மண்டியிட்டு ஸ்கேலை வைத்தார். "மூணு மீட்டர்."

"இந்த சோபாவே மூணு மீட்டர். வாங்கின அன்னைக்குக் கதவைக் கழட்டித்தான் உள்ள கொண்டுவந்தோம். ரெண்டு சுவரும் வேற இருக்கே. அந்த மூலையில டிவி, இந்த மூலையில செருப்பு அலமாரி. அதெல்லாம் தெருவுல நிக்குதா?"

டிக்கெட் சார் சோபாவைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"எங்க வீட்டு அகலத்தை அளங்க," என்றார் இயன்முறை மருத்துவர்.

"ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

"எட்டு மீட்டருக்கு மேல. நான் பெருக்கறவ, எனக்குத் தெரியும். ஏங்க, நம்ம வீட்டையும் யாரோ ரெண்டரை மீட்டர் எடுத்துட்டுப் போயிட்டாங்க போலிருக்கே. அவங்களாவது வந்து ஒத்துக்குவாங்களா?"

பிழை திருத்துபவர் மனையின் முன்பக்க எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு மேலே, எறும்பு அளவு எழுத்தில், 15.20 என்று அச்சாகியிருந்தது. அவர் ஸ்கேலை அதன்மேல் வைத்தார். பத்தே முக்கால்.

"இதை நீங்க முன்னாடி அளக்கலையா?" என்றார் மனைவி.

"அதுதான் எழுதியிருந்துச்சே. எழுதியிருக்கறதை எதுக்கு அளக்கணும்? எழுதாம இருந்ததைத்தான் அளந்தேன்."

"சார், நீங்க?"

"எனக்கு என் பக்கத்து இடுக்குதானே சந்தேகம்," என்றார் டிக்கெட் சார். "சந்தேகம் இல்லாதவனை நான் சோதிக்கறதில்லை."

கடைக்காரப் பெண்ணின் குரல் பிழை திருத்துபவர் காதில் இப்போதுதான் விழுந்தது. கொஞ்சம் சுருங்கி வரும். அவர் மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். பெரிய தாளில் இருந்த படம் அதில் பாதிப் பரப்புள்ள தாளில் அடங்கச் சுருங்கியது. மனை சுருங்கியது, வீடு சுருங்கியது, சோபா நிற்கும் கூடம் சுருங்கியது. 'அளவு 1:100' என்ற எழுத்து மட்டும் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. பெரிய தாளில் அது உண்மை. சின்னத் தாளில் அதே எழுத்து, அதே எண், ஒரு பிழையும் இல்லாத பொய். இயந்திரம் எழுத்தை விடவில்லை, நீளத்தைத்தான் விட்டுவிட்டது.

இயன்முறை மருத்துவர் தாளின் அடிப்பகுதியில் விரலை வைத்தார். அங்கே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு சிறிய பட்டை இருந்தது. அடியில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, மீட்டர்.

"இது எதுக்குங்க?"

"அலங்காரம்னு நெனச்சேன்," என்றார் டிக்கெட் சார்.

மருத்துவர் அன்றைய நாளிதழின் ஓரத்தைக் கிழித்து, வீட்டுச் சுவருக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே வைத்து, இரண்டு முனையிலும் நகத்தால் குறித்தார். அந்தக் கிழிசலைப் பட்டையின்மேல் கொண்டுபோய் வைத்தார். ஐந்தில் போய் நின்றது. மறுபக்கம் வைத்தார். நான்கு. பட்டையும் தாளோடு சேர்ந்து சுருங்கியிருந்தது. அதனால் அது சொல்வது மாறவில்லை.

"அப்போ மதில்?" என்றார் டிக்கெட் சார்.

"இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

"நான் எதையும் எடுக்கலையா?"

"இல்லை, சார்."

அவருக்கு அது உடனே திருப்தியாக இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரம் குற்றவாளியாக இருந்து பழகிவிட்டார். "கொத்தனார் கயிறு அவ்வளவு துல்லியமாவா இருக்கும்? ரெண்டு மூணு சென்டிமீட்டராவது..."

"அந்த ரெண்டு மூணு சென்டிமீட்டரை நீங்களே வச்சுக்கங்க," என்றார் பிழை திருத்துபவர்.

"முடியாது. பாதிப் பாதி."

"மறுபடி ஆரம்பிக்காதீங்க," என்ற டிக்கெட் சாரின் மனைவி சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, கேட்காமலே, ஆறிப்போன தேநீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். "தண்டனைக் காலம் முடிஞ்சுது. குடிங்க."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இயன்முறை மருத்துவர் சொன்னார்: "நீங்க என்கிட்ட முதல் நாளே சொல்லியிருந்தா, முதல் நாளே நான் சிரிச்சிருப்பேன்."

"சரியான வாக்கியம் கிடைக்கல."

"வாக்கியம் இல்லாமச் சொல்லியிருக்கலாம்."

கணவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சோபாவும் நாளிதழ்க் கிழிசலும் சொன்னதை நம்பி உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது முறையா? திங்கட்கிழமை காலை எஃகு ஸ்கேலோடு வரைவாளரின் அலுவலகத்துக்குப் போனார். முத்திரை குத்திய அசலை வாங்கி அளந்தார். வீட்டுச் சுவரிலிருந்து எல்லைக்கோடு ஐந்து. முன்பக்கம் பதினைந்து புள்ளி இரண்டு. இந்த முறை எழுதியிருந்ததையும் அளந்தார்.

"ரெண்டும் ஒத்துப்போகுதுன்னு அன்னைக்கே சொன்னேனே, சார்," என்றார் வரைவாளர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"சொன்னீங்க. உங்களுக்கு ஒரு கேள்விக்குறி போட்டுட்டேன். இப்ப எடுத்துட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு நீட்டிய உறுதிமொழித் தாளை வாங்கிப் பார்த்தார். "கையெழுத்துக்கு மேல, வாக்கியத்துக்கு நடுவுல, சிவப்பா ஏதோ இருக்கே. மை சிந்திடுச்சா?"

"கமா."

"இது நகராட்சி அச்சடிச்ச படிவம், சார்."

"தெரியும். அவங்க விட்டுட்டாங்க."

நகராட்சியில் அதை யாரும் கவனிக்கவில்லை. ஜூலை ஏழாம் தேதி அனுமதி வந்தது. அறை கட்டி முடியும்வரை, ஆகஸ்ட் முழுவதும், லாரிக்காரர் டிக்கெட் சார் வீட்டுக் கூடத்தில் சோபாவின் நீளத்துக்கு நடை பழகினார். அறை நான்கு மீட்டர் அகலம். மதில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பூந்தொட்டிகளை டிக்கெட் சார் இன்னும் மதிலோரம் கொண்டுபோகவில்லை.